ஆயிரம் பிறைக் கணக்கு

இரவுப் பணியில் மூன்று மணி நேரம் கடன் வாங்கி
ஸ்டோர்னோவே மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டு
மேற்கே காரோட்டினேன்.
வழி நெடுகச் சதுப்பு. வெட்டிக் காயப்போட்ட கரிக்கட்டிகள்.
சாலையில் படுத்திருந்த ஆடுகள்
எழுந்திருப்பதா என்று யோசித்தன.

ஜூன் மாதம். நள்ளிரவிலும் வடக்கு வானம்
கழுவாத பால் தம்ளர் போல வெளுத்திருந்தது.

காலனிஷ் கற்களுக்கு நடுவே எஃபி மெக்காலே
முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தார்.
சாலைத் துறைக்கு முப்பது வருடம் நிலம் அளந்தவர்.
"மழை வராது" என்றார்,
மழைக்கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டபடி.

பதினெட்டு ஆண்டும் ஏழு மாதமும் ஆனால்
நிலா தெற்கே தாழ்ந்து தாழ்ந்து
மலையின் மேல் உரசிப் போகுமாம்.
மலை, படுத்திருக்கும் ஒரு பெண்.
நெற்றி, மூக்கு, மார்பு, சற்றே மடக்கிய முழங்கால்.
சதுப்பின் கிழவி என்கிறார்கள் ஊரார்.
அவள் உடம்பில் எழுந்து, ஊர்ந்து, பிறகு மறைந்து,
போய்விட்டது என்று நாம் திரும்பும்போது
கற்களின் இடுக்கில் ஒரு தடவை எட்டிப் பார்க்கும்.
"இதற்காகவா நட்டார்கள்?"
"கேட்டுச் சொல்ல ஆளில்லை."

எங்கள் பக்கம் எண்பதைத் தாண்டினால்
ஆயிரம் பிறை கண்டவர் என்போம், என்றேன்.
எஃபி நோட்டின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தார்.
ஆயிரம் பிறை கண்டவருக்கும்
இந்த நிலா நான்கு.
அதில் ஒன்றுக்குத் தொட்டிலில் கிடந்திருப்போம்.
எஃபிக்கு எண்பத்தேழில் கிடைத்தது.
இரண்டாயிரத்து ஆறில் மேகம்.
இது.

எலும்பை வெளிச்சத்தில் வைத்துப் படிப்பது என் தொழில்.
ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்புகளில்
நாற்பதைக் கண்டவை அதிகம் இருக்காது.
அப்படியென்றால்
பார்த்தவன் ஒருவன், குழி தோண்டியவன் இன்னொருவன்,
சரிதானா என்று வந்து நின்றவள் வேறொருத்தி.
இடையில் இருந்ததெல்லாம்
வாய்ச்சொல்லும், மழையும்,
நம்பாத மைத்துனர்களும்.

போர்க்களத்தில் விழுந்தவனுக்குக் கல் நட்டு
பீலி சூட்டி, பேர் பொறித்த மொழி என்னுடையது.
இந்தக் கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
பேர் இல்லை.
வரி வரியாக ஓடும் கல்லின் நரம்பு மட்டும்.
இன்னும் வந்து சேராத ஒருத்திக்கு
முன்கூட்டியே நட்டுவிட்டார்களோ என்னவோ.

மேகம் கலையவில்லை.
வேனில் வந்த ஜெர்மன் தம்பதி
சூப்புக்கு வெந்நீர் போடப் போனார்கள்.
எஃபியின் கண்ணாடி
புல்லில் எங்கோ விழுந்தது.
மண்டியிட்டு, செல்பேசி வெளிச்சத்தில் துழாவினேன்.
ஆட்டுப் புழுக்கை. ஈரம். யாரோ தவறவிட்ட கையுறை.
பேட்டரி தீர்ந்தது.

அப்போது
என் புறங்கையின் குறுக்கே
மங்கலாக, நீளமாக
ஒரு கல்லின் நிழல் விழுந்தது.

நிமிர்வதற்குள் அழிந்தும்விட்டது.

"வந்ததா? எனக்கு ஒரே மங்கல்" என்றார் எஃபி,
கண்ணைச் சுருக்கி, தவறான திசையில்.
நிலாவை நானும் பார்க்கவில்லை என்றேன்.
நிழல் விழுந்த இடத்தையும்
எந்தக் கல்லின் நிழல் என்பதையும் சொன்னேன்.
கையை எடுக்காதே என்றார்.
நாடாவைப் பிடித்து அளந்தார்.
இரண்டு முறை அளந்தார்.
"போதும். இது போதும்."
பிறகு எழுதினார்: மணி ஒன்று நாற்பது.
சாட்சி, எக்ஸ்ரேக்காரி.

கண்ணாடி அவர் கோட்டுப் பையிலேயே இருந்தது.

அடுத்தது வரும்போது எனக்கு அறுபத்தொன்று.
எஃபி தனக்குக் கணக்குப் போடவில்லை,
முக்காலியின் கால்களை
ஒவ்வொன்றாகத் துடைத்து மடக்கினார்.
காருக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றியதும்
மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது:
படகில் வழுக்கி விழுந்தவர், இடது மணிக்கட்டு, சீக்கிரம் வா.
ஆடுகள் இன்னும் சாலையில்தான் இருந்தன.