ஏழாம் படி

ஏறி வரும் ஏழாம் படியில் உன் காலடி இல்லை
ஆறிப்போன தேநீரைக் குடிக்க ஆளும் இல்லை
வாசலைத் திறந்தே வைத்தோம் வருவாயோ
வானில் ஒரு விளக்கேற்றித் தருவாயோ

இந்த நாலு வரி
எங்கள் ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில்
'அஞ்சலி கடைசி புதுசு 2' என்ற பெயரில் இருக்கிறது.
புதுசென்று பெயர் வைத்துப் பதினோரு வருஷம்.
தோற்றம் மாற்றுவேன், மறைவு மாற்றுவேன்,
ஆதார் அட்டையிலிருந்து தலையை வெட்டிக்
கோட்டு சூட்டு போட்ட உடம்பில் ஒட்டுவேன்.
கவிதையைத் தொட்டதில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எத்திராஜுலுவுக்கு,
வாழ்நாளில் டீயே குடிக்காத
பாஸ்டர் ஜீவரத்தினத்துக்கு,
கேரம் கோப்பைகளோடு போட்டோ கொடுத்த டில்லிபாபுவுக்கு.
இரண்டு காலையும் சர்க்கரைக்குக் கொடுத்த
கன்னியம்மாவுக்கும் அதே காலடி.
மூலக்கொத்தளம் போகும் வழியில்
ஒரு வாரம் ஒரே தெருவில் மூன்று பேர்.
மூன்று பேரும் ஏழாம் படியில் இல்லை.

எனக்கும் கவிதை பிடிக்கும்.
பில் புக்கின் பின்பக்கங்களில்
பதினாறு எழுதி வைத்திருக்கிறேன்.
ஒன்றில், செத்தவனின் சைக்கிளைப்
பக்கத்து வீட்டுக்காரன் இரவல் கேட்கிறான்.
அவ்வளவுதான் கவிதை.
அதை அடித்து டில்லிபாபுவின் கூட்டாளிகளிடம் காட்டினேன்.
"இன்னாண்ணா இது, சைக்கிள் கட விளம்பரமா?
எல்லாருக்கும் போடறதையே போடுண்ணா.
அத்தப் படிச்சாதான் அழுவ வருது."

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற நாள்,
தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு
நவநீதம் வந்தார்.
மகன் ஹேமநாதன். இருபத்திரண்டு.
சாப்பாடு டெலிவரி, எருக்கஞ்சேரி ரோடு, லாரி.
"எனக்கு எழுத்துத் தெரியாது. படிச்சிக் காட்டு."

நான் அதை வாய்விட்டுப் படித்தது அன்றுதான்.
முதல் வரியிலேயே நிறுத்தினார்.
"எந்தப் படி?"

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி
நசீர் பாயைக் கேட்டேன்.
"எனக்கு முன்னாடி இருந்த பையன் எழுதனதுப்பா.
அவன் அண்ணனுக்கு. ஹவுசிங் போர்டு.
லைட் இருக்காது, ஏழாவது படி ஒடஞ்சிருக்கும்.
அவன் தாண்டி வர்ற சத்தம் வூட்டுக்குக் கேக்குமாம்."

"எடுத்துடறேம்மா" என்றேன்.
கர்சர் 'ஏழாம்' பக்கத்தில்
விட்டு விட்டுத் துடித்தது.
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்குப் படி ஏது?
ரோட்டப் போட்டுப் போட்டு ஒசத்திட்டானுங்க.
வாசலுக்கு எறங்கணும்.
மழன்னா எங்களுக்கு முன்னாடி தண்ணி எறங்கிடும்.
மாடி வூடு கேட்டு எழுதிக் குடுத்து
ஒம்போது வருசம் ஆவுது."

கொஞ்ச நேரம் கழித்து,
"இருக்கட்டும். உட்டுடு."

பத்துக்கு எட்டு. பாக்கி முந்நூறு.
காரியம் முடிந்து வாங்கப் போனேன்.
குனிந்து இறங்கினேன்.
கூரைத் தகரத்தின் ஒழுகலுக்கு
ஃபிளெக்ஸை உள்பக்கமாய்க் கட்டியிருந்தார்,
எழுத்து கீழே பார்க்க.
கட்டைகளுக்குப் பின்னால் பாதி போக
'ஏழாம்' தெரிந்தது,
'வருவாயோ' தெரிந்தது.
கோட்டு சூட்டில் ஹேமநாதன்
தலைகீழாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்று நூறு ரூபாயை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.
டீயும் கொடுத்தார்.
நாக்கு வெந்தது.

அண்ணாந்து குடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.
பதினோரு வருஷம், எத்தனை நூறு பேர்,
'வருவாயோ'வுக்கு
நான் கேள்விக்குறி போட்டதே இல்லை.

கடைக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்தேன்.
ராத்திரிக்குள் வேண்டும் என்று
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெயர் வந்திருந்தது.
அதற்கும் போடவில்லை.