நெடில்

லாங்ஃபோர்டில் மெத்தை ஆலை மூடியபோது
அறுபத்தோரு பேருக்கும் நான்தான் கணக்கு எழுதினேன்.
கலைப்பாளர் டப்ளினிலிருந்து வந்திருந்தார்,
சேறு படாத ஷூக்களோடு.
"மூன்று வாரம் இருந்துவிட்டுப் போங்கள், ஊனா.
படிவங்கள் உங்களுக்குத்தான் தெரியும்."
இருந்தேன்.
யார் எந்த வருஷம் சேர்ந்தார்கள்,
பிள்ளைப்பேற்று விடுப்பில் யாருக்கு எத்தனை வாரம் பாக்கி,
சுருள்வில் பிரிவில் விரல் போனது யாருக்கு,
எல்லாம் என் இழுப்பறையில் இருந்தது.
வருஷத்துக்கு இரண்டு வாரக் கூலி, மேலே ஒரு வாரம்.
அறுபது பேருக்கும் தட்டி முடித்துக்
கடைசியாக எனக்கு:
இருபத்திரண்டு வருஷம், நாற்பத்தைந்து வாரம்.

முதல் பணம் ஸ்பிக்னியெவுக்கு வந்தது.
போலந்துக்காரர்.
பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் ஒருவர்கூட
அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை.
துறையின் இயந்திரம் அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டது.
பிறகு ஃபெர்கல். பிறகு தையல் பிரிவு மொத்தமும்.
டொன்னகாவுக்கு வந்தபோது
டிராக்டரின் பின்வண்டியை அவன் விற்று ஒரு மாதம்.
திருப்பித் தருவாயா என்று போய்க் கேட்டான்.
வாங்கினவன் அதில் ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்தது கடிதம்.
'உனா ட்வோமி என்ற பெயரில்
பணிப்பதிவு எதுவும் கிடைக்கவில்லை.'

எங்கள் எழுத்தில் நெடிலுக்கு
உயிரின் தலைமேல் ஒரு சாய்கோடு.
ஈர்க்குச்சியின் முறிந்த துண்டு அளவுதான்.
எடுத்துவிட்டால் ஊ, உ ஆகிவிடும்.
வரி பிடிக்கும் அலுவலகத்தில் நான் ஊனா.
பணம் தரும் அலுவலகத்தில் உனா.
ஒரு மாத்திரை குறைந்தவள்
ஒரு நாளும் வேலை பார்த்ததில்லையாம்.

நவம்பரில் அழைத்தேன். வரிசையில் முப்பத்தெட்டாவது ஆள்.
பிடில் இசை, நடுநடுவே ஒரு பெண்குரல்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
முதலில் ஐரிஷில், பிறகு ஆங்கிலத்தில்.
ஐரிஷில் சொன்னபோது
நெடில் ஒன்றுகூடத் தவறவில்லை அவளுக்கு.

டிசம்பரில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அனுப்பினேன்.
ஜனவரியில்,
சான்றிதழில் இருப்பவர் வேறு நபர் என்றார்கள்.

கடன் சங்கத்து அட்ராக்டா கண்ணாடியைக் கழற்றினாள்.
"இன்னும் ஒரு மாதமா, ஊனா?"
அவள் வாயில் என் பெயர் முழு நீளம்.
கையெழுத்துப் போட மட்டும்
அவளுக்கு மேலே ஒருவர் இருந்தார்.

ஒவ்வொரு மெத்தையோடும் ஒரு அட்டை தைப்போம்,
பத்து வருஷ உத்தரவாதம் என்று.
இப்போது இரவெல்லாம்
அதில் ஒன்றின் மேல்தான் புரள்கிறேன்.
வில் ஒன்றும் தொய்யவில்லை,
அதைச் சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு பையன் எடுத்தான். ரோனான்.
முதல் எழுத்தின் மேல் கோடு உண்டு என்றேன்.
சிறிது நேரம் பேச்சில்லை.
"என் பெயரில் இரண்டு உண்டு, அம்மணி.
வேலையில் சேர்ந்த அன்று மின்னஞ்சல் கொடுத்தார்கள்,
இரண்டும் போய்விட்டன."
சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது,
அதற்காகத்தான் என்மேல் எனக்கு ஆத்திரம்.
"குறிப்பு எழுதிவிட்டேன். ஆறிலிருந்து எட்டு வாரம்."
"என்றிலிருந்து?"
பிடில் திரும்பத் தொடங்கியது.

போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன்.
தூறல். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து
அளவுக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன்.
அடியில் இரண்டு விரல் ஈரம்.
குச்சியைத் துடைக்காமல்
தொட்டியின் தலைமேல் சாய்த்து வைத்துவிட்டு
உள்ளே வந்து
இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.