சாம்பல் துடைக்கும் வேலை

காலை ஐந்தரைக்கு ஏணி.
வலைக்கூடத்துத் தகரக் கூரைக்குப் பன்னிரண்டு படி.
கையில் தேசப்பனின் பழைய பனியன்,
அரை வாளி லாரித் தண்ணீர்.
கழிமுகத்துத் தண்ணீர் பட்டால் உப்புப் பூத்துவிடும் என்று
மாட்டிவிட்டுப் போன பையன் சொன்னான்.

எட்டுப் பலகைகள்.
ஒவ்வொன்றின் மேலும்
இரவெல்லாம் யாரோ மாவு சலித்திருக்கிறார்கள்.
விரலால் இழுத்தால் கோடு விழும்.
சின்னவள் ஒருநாள் தன் பெயரை எழுதிவிட்டு இறங்கினாள்.
அன்று மதியம் வரை
மகிழ்வதனா என்ற வடிவத்தில் மட்டும்
வெயில் உள்ளே போனது.

எதிரே எண்ணூரின் புகைபோக்கிகள்.
தலைக்கு மேல் கம்பிகள்.
அண்ணா நகரில் எந்த அறையையோ குளிர்விக்கப் போகிற மின்சாரம்
எங்கள் குப்பத்தைத் தாண்டும்போது
முணுமுணுத்துக்கொண்டு போகும்,
கடன்காரன் வீட்டைத் தாண்டுகிறவன் போல.
இங்கே இறங்கியதெல்லாம் சாம்பல்தான்.

நோட்டில் இரண்டு பத்தி:
துடைத்த நாள், துடைக்காத நாள்.
துடைத்த நாள் பதினொரு யூனிட்.
துடைக்காத நாள் ஏழரை.
நடுவில் காணாமல் போகிற மூன்றரை யூனிட்டை
யாரிடம் கேட்பது என்று தெரியாமல்
மூன்றாவதாக ஒரு பத்தியும் கோடு போட்டுக்
காலியாக வைத்திருந்தேன்.

கீழே பெட்டி உறுமுகிறது.
உள்ளே பதினாறு பெண்களின் இறால்.
மார்பளவுச் சேற்றுத் தண்ணீரில்
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையால் தடவிப் பிடித்தது.
(வேலை நேரத்தில் நாங்கள் வம்பு பேசுவதில்லை.
வாய் காலியில்லை.
கரையேறியதும் வட்டியோடு பேசிவிடுவோம்.)

போன சித்திரை வரை
வியாபாரி வண்டியை விட்டு இறங்க மாட்டார்.
பதினோரு மணி ஆகட்டும் என்று
வேப்ப மர நிழலில் பீடி குடிப்பார்.
அவருக்காக வெயில் பேரம் பேசும்.
ஒவ்வொரு நிமிடமும் இறாலின் கண் மங்கும்,
விலை மங்கும்.
கடைசியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம்.

இப்போது அதே வெயில்
கட்சி மாறிவிட்டது.
கூரை மேல் ஏறி எங்களுக்காக வேலை செய்கிறது.
"நாளைக்கு வாங்க அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல" என்று
கன்னியம்மா சொன்ன அன்று
அவர் முதல்முறையாக வண்டியை விட்டு இறங்கினார்.
வெயில் அவர் தலையிலும் அடித்தது.

எல்லாம் சுமுகம் என்று எழுதினால் பொய்.
மகன் கல்யாணத்துக்கு சீரியல் லைட் போட
எட்டியப்பன் கரண்ட் கேட்டான்.
முடியாது என்றோம்.
இரண்டு மாதம் பேச்சில்லை.
நட்ட அறுநூறு அலையாத்தியில்
இருநூற்றுப் பதினொன்றுதான் நிற்கிறது.
அதற்கும் என்னைத்தான் முறைத்தான்.

ஐப்பசியில் நாலு நாள் வானம் மூடிக்கொண்டது.
ஊர்க் கரண்டும் போயிற்று.
மூன்றாம் நாள் இரவு
பேட்டரியில் மீதி இருபது சதவீதம்.
எட்டியப்பனின் பேரப்பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.
நெபுலைசர் மெஷினைத் தூக்கிக்கொண்டு
வாசலில் வந்து நின்றான்.
எதுவும் கேட்கவில்லை.

பதினாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
எத்தனை நாழி பார்த்தோம் என்று
நான் நோட்டில் எழுதவில்லை.
பிறகு கன்னியம்மா குனிந்து
பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

குழந்தை தூங்கியது.
இருபத்தெட்டுக் கிலோ இறாலையும்
அன்றிரவே விறகடுப்பில் ஏற்றினோம்.
குப்பம் முழுக்க மிளகு வாசம்.
முதல் தட்டோடு வந்தவன் எட்டியப்பன்தான்.
"உப்பு கம்மி" என்றான்.
அதுதான் இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் பேசியது.

ஐந்தாம் நாள் வானம் திறந்தது.
ஏணியைச் சாய்த்து ஏறிப் பார்த்தேன்.
பலகைகளில் ஒரு தூசி இல்லை.
அலையாத்தி இலைகள் கூட
தம் பச்சைக்குத் திரும்பியிருந்தன.
வாளியோடு சும்மா நின்றேன்.
அன்று சாயங்காலம் பன்னிரண்டு யூனிட்.

துடைத்த நாளா, துடைக்காத நாளா?
பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து
மூன்றாவது பத்தியில் எழுதினேன்:
மழை.