ஐந்துக்கு மூன்று

பெருங்குடி. எட்டாவது மாடி. இரவு பன்னிரண்டு பத்து.
என் அழைப்புகளை ஒளிந்திருந்து கேட்கும் யாரோ
படிவம் அனுப்பியிருக்கிறார்.
வணக்கம் சொன்னதற்கு ஐந்து.
மன்னிப்புக் கேட்டதற்கு ஐந்து.
சியர்ஃபுல்னஸ்: ஐந்துக்கு மூன்று.
கீழே ஒரு வரி,
‘குரலில் புன்னகை கேட்கவில்லை, பூங்கோதை.’

கேட்டிருக்காதுதான்.
ஆடியில் ஒரு வியாழக்கிழமை
வாய் கொப்பளித்தேன்,
தண்ணீர் இடப்பக்கம் தானாக வழிந்தது.
நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில்
என் முகத்தில் பாதி
சொல்லாமல் கொள்ளாமல் லீவில் போயிருந்தது.
பறக்கும் ரயிலில் காற்று அடித்திருக்கும் என்றது மாடி வீடு.
நரம்பு வீங்கியிருக்கு, வந்துடும் என்றார்
ராயப்பேட்டை ஆஸ்பத்திரி டாக்டர்.
எப்போது என்று கேட்டதற்கு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிசியோ எபனேசர் கையில் பலூன் கொடுத்தான்.
ஊது.
ஊ சொல்லுங்க. ஈ சொல்லுங்க.
முப்பத்தொரு வயதில் மறுபடி
உயிரெழுத்திலிருந்து ஆரம்பம்.
என் ஈ
வலப்பக்கம் மட்டும் ஏறி நின்றது,
ஒரு பக்கம் ஆணி கழன்ற பெயர்ப்பலகை மாதிரி.

மெஷின் டீ ஆறுகிற நேரத்தில்
அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன்.
மூன்று போட்டவர்மேல் கோபம்,
சொல்லையாவது விசாரிப்போம் என்று.

சியர் என்றால் முதலில் முகமாம்.
மகிழ்ச்சியெல்லாம் இல்லை, வெறும் முகம்.
பழைய பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய்
இங்கிலாந்தில் இறக்கியது.
அதற்கு முன்னால் லத்தீன்.
அதற்கும் முன்னால் கிரேக்கத்தில்
தலையாக இருந்திருக்கலாம்,
அகராதியே அங்கே கொஞ்சம் இழுக்கிறது.
அந்தக் காலத்தில் நல்ல சியரும் உண்டு, கெட்ட சியரும் உண்டு.
மலர்ச்சியும் வாட்டமும்
ஒரே சொல்லில் ஒண்டுக்குடித்தனம்.
எந்த நூற்றாண்டிலோ வாட்டம்
வாடகை கட்ட முடியாமல் காலி செய்துவிட்டது.
மலர்ச்சி முழு வீட்டையும் எடுத்துக்கொண்டது.
பிறகு விருந்துச் சாப்பாட்டுக்கும் அந்தப் பெயர்,
சேப்பாக்கத்தில் சிக்ஸருக்கு எழும் இரைச்சலுக்கும்.
டாஸ்மாக் பிளாஸ்டிக் டம்ளர்
இடித்தால் சத்தம் வராதே,
அதனால் அதை வாயால் சொல்கிறோம்.

ஆக, உனக்கும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதா?
எனக்குச் சிரிக்கிற பாதி.
உனக்கு அழுகிற பாதி.

ஹெட்செட்டை மாட்டினேன்.
லீட்ஸிலிருந்து ஒருவர்.
இணைய இணைப்பு மனைவி பெயரில் இருக்கிறது,
மாற்ற வேண்டும்.
காரணம் கேட்கும் கட்டம் திரையில் மின்னியது.
அவர் சொல்வதற்குள்
ஒரு கெட்டில் கொதித்து அடங்கியது.
எனக்குக் கொடுத்த தாளில் இந்த இடத்தில்
‘உற்சாகமாகத் தொடரவும்’ என்றிருக்கிறது.
நான் தொடரவில்லை. சும்மா இருந்தேன்.
முகம் கொடுத்துப் பேசுவது என்போமே நாம்,
எட்டாயிரம் கிலோமீட்டர் கம்பிக்கு இந்தப் பக்கம்
இருக்கிற முகத்தைக் கொடுத்தேன்,
அசைகிறதும் அசையாததுமாக.
அவர் கெட்டிலைப் பற்றிச் சொன்னார்,
அவளுடையது, மூடி சரியாக உட்காராது.
பெயரை மாற்றினேன்.
வைக்கும்போது ‘சியர்ஸ், லவ்’ என்றார்.
அவர்கள் ஊரில் அதற்கு நன்றி என்று பொருள்.
எனக்கு அதன் பழைய பொருள்தான் காதில் விழுந்தது.

அந்த அழைப்புக்கு இரண்டு போட்டார்கள்.

காலை ஆறே முக்கால், கம்பெனி வண்டி.
‘இன்னா மேடம், இன்னிக்கி ஜாலியா கீறீங்க’
என்றார் டிரைவர் கஜபதி.
அவர் கண்ணாடியில் என் வலப்பக்கம் மட்டும்தான் தெரியும்.
அடையாறு சிக்னலில்
எபனேசர் சொன்னபடி பயிற்சி.
பக்கத்து ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றபடி
யூனிஃபார்ம் போட்ட ஒரு குட்டிப் பெண்
என்னையே பார்த்தாள்.
அப்புறம் தன் இடது கன்னத்தை விரலால்
கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு
அச்சாக என் ஈ.

பச்சை விழ இன்னும் பன்னிரண்டு நொடி.
ஊ, என்றேன்.
அவளும் ஊ.