ஆகெசனின் இருமல்

முதலில் இருமியது மூன்றாம் கூண்டு.
சளி கட்டிய, புகையிலையில் ஊறிய இருமல்.
கடைசியில் ஒரு சின்னச் செருமல்,
அப்புறம் டேனிஷில், "ம், சரி."

கொட்டகையில் யாருக்கும் சளி இல்லை.
நானும் ரிக்கேயும்
நாற்பத்தொரு கிளிகளும்
வடகடலிலிருந்து வந்து தகரத்தை அறையும் காற்றும்தான்.

பன்றிகள் இருந்த இடம் இது.
தரைச் சரிவும் சாக்கடை வாயும் அப்படியே.
பன்றி விலை விழுந்த வருடம்
மைத்துனன் ஒரு மக்காவைக் கொண்டுவந்து
"ஒரு வாரம் பார்த்துக்கொள்" என்றான்.
அந்த வாரத்துக்குப் பதினான்கு வயதாகிறது.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
குழந்தை பிறந்திருக்கிறது.
வீடு மாறுகிறோம்.
கத்துகிறது.
கத்துகிறது.
(ஒரு காட்டின் அக்கரைக்குக் கேட்கவென்று அமைந்த தொண்டை,
வேறென்ன செய்யும்?)
ஒருவர் எழுதியிருந்தார்:
சோபாவின் நிறத்தை மாற்றிவிட்டோம்.
கையெழுத்து மட்டும் முத்து முத்தாக.

ஆகெசன் படிவம் நிரப்பவில்லை.
அவர் இறந்த ஐந்தாம் நாள்
கதவை உடைத்தார்களாம்.
நகராட்சி வண்டி இறக்கிவிட்டுப் போனது
கூண்டையும் பாதிப் பை சூரியகாந்தி விதையையும்.
சாம்பல் கிளி.
தன் மார்பைத் தானே பறித்து,
உரித்த கோழிபோல் நின்றது.
தலையில் மட்டும் இறகு மிச்சம்,
அங்கே அலகு எட்டாது என்பதால்.

ரிக்கே பழைய காலுறையின் நுனியை வெட்டி
அதற்கொரு சட்டை தைத்தாள்.
அது கிழித்தது.
மறுநாள் இன்னொன்று தைத்தாள்.
யார் முதலில் அலுப்பது என்று
இருவருக்கும் நடுவே ஒரு குளிர்காலம் போயிற்று.
நான் மாதுளை உதிர்த்துக் கொடுத்தேன்.
சுட்டுவிரலில் இருக்கும் மூன்று தையல்
அந்தக் குளிர்காலம் எனக்குப் போட்டது.

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை.
இதற்கு யாரும் இருமச் சொல்லித்தரவில்லை.
ஒற்றை அறையில் இருபத்திரண்டு வருடம்
காதில் விழுந்ததே அவ்வளவுதான்:
இருமல், செருமல், "ம், சரி",
குளிர்பெட்டிக் கதவு,
ஒரே ஒரு மணி அடித்து நின்றுபோகும் தொலைபேசி.

பிறகு நான்காம் கூண்டு இருமியது.
பல்மருத்துவரின் காத்திருப்பறையில் வளர்ந்த பச்சை அமேசான்,
அதுவரை பல் குடையும் சத்தம் ஒன்றுதான் அதற்குப் பாஷை.
அப்புறம் ஒன்பது.
அப்புறம் எதிர்வரிசையில் அந்தச் சண்டைக்கார ஜோடி.
ஈஸ்டருக்குள் ஏழு பறவைகள்.
நுரையீரலில் பூஞ்சையோ என்று பயந்து
வைத்தியரை வரவழைத்தோம்.
ஒவ்வொன்றாய்ப் பிடித்து, துண்டில் சுற்றி, குழல் வைத்துக் கேட்டார்.
"பறவைகள் நன்றாக இருக்கின்றன.
இருமுகிற ஆளுக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றார்.
அதற்கும் கட்டணம் வாங்கினார்.

வாரிசு யாருமில்லை என்கிறது நகராட்சிக் காகிதம்.
நான் மறுத்து எழுதவில்லை.
அந்த மனிதரை நானும் கண்டதில்லை,
எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்வார்,
அந்த ஒற்றை மணி யார் அடித்தது, ஏன் எடுக்கவில்லை,
ஒன்றும் தெரியாது.
அவர் விடிகாலையில் இருமுவார் என்று தெரியும்.
எதற்கோ சம்மதிப்பார் என்று தெரியும்.

மே மாதத்தில் சாம்பல் கிளி இருமுவதை விட்டுவிட்டது.
இப்போது அதன் வாயில்
கத்தரிக்கோல் துணி நறுக்கும் ஓசை,
நறுக், நறுக்,
இடையே ரிக்கே ஊசி குத்திக்கொண்டு திட்டும் ஒரு கெட்ட வார்த்தை.
மார்பில் நான்கைந்து இறகு முளைத்திருக்கிறது.
இடப்பக்கம் முளைக்காது என்கிறார் வைத்தியர்,
வேர் போய்விட்டதாம்.
சட்டை இன்னும் கிழிகிறது,
வாரத்துக்கு ஒன்று.

நாளை எஸ்பியாவிலிருந்து இரண்டு வருகின்றன.
காரணம்: கத்துகிறது.
இருமல்காரர்களுக்குப் பக்கத்தில் வைக்காதே என்றாள் ரிக்கே.
வேறு கூண்டு காலியில்லை.
விளக்கை அணைத்தேன், பூட்டைத் திருகினேன்,
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
"ம், சரி" என்றேன்.

ரிக்கே திரும்பிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
பதிவேட்டில் ஏழை அடித்துவிட்டு
எட்டு என்று எழுதினாள்.