சீட்டு எண்ணினவள்

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாவு மில் மாடியில் கூடினோம், நாற்பத்துமூன்று பேர்.
வார்டுக்கு யாரை நிறுத்தலாம் என்று
மேலிடம் இந்தத் தடவை எங்களையே கேட்டிருந்தது.
கேட்டதே பெரிய விஷயம் என்று
பேரூர்ச் செயலாளர் மூன்று தடவை சொன்னார்.
கீழே யாருக்கோ மிளகாய் அரைத்தார்கள்.
பேசினவர்கள் எல்லாரும்
இருமிக்கொண்டேதான் பேசினார்கள்.

இரண்டே பெயர்.

வண்டிமலைச்சி.
கம்பெனிக்காரன் எங்கள் பி.எஃப். பணத்தை முழுங்கப் பார்த்தபோது
திருநெல்வேலி ஆபீசுக்குப் பதினேழு நடை நடந்தவள்.
என் பாஸ்புத்தகத்தில் இருப்பது முக்கால்வாசி அவள் எழுத்து.

தங்கப்பழம், உரக்கடை.
நல்ல மனுஷன். எந்தச் சாவு வீட்டிலும்
முதல் ஆளாக நாற்காலி இறக்குவார்.
அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை,
அவர் தெருவில் அறுநூறு ஓட்டு என்பதைத் தவிர.

எங்கள் ஊரில் யாரும் எதையும் பச்சையாகச் சொல்வதில்லை.
"அவ எந்தத் தெரு?" என்று கேட்போம்.
தெரியாமலா கேட்கிறோம்.

"எனக்கு ஒண்ணுமில்ல வேய், அவதான் சரி.
நடுத்தெருக்காரன் போடுவானா?"
இது கீழத்தெருவில் இருந்து வந்தவர்.
"எங்காளுகளுக்கு என்ன வருத்தம்?
கீழத்தெருவு ஒத்துக்கிடணும்லா"
இது நடுத்தெரு ஆவுடையப்பன்.
பொம்பளை நின்றால் ஆம்பளைகள் போடமாட்டாக என்றாள்
மைதீன் பாத்து.
பொம்பளைகளே போடமாட்டாளுக என்றார்கள் ஆம்பளைகள்.

அந்த மாடிக்கு வெளியே எங்கேயோ
ஒரு ஊர் இருந்தது,
எங்களைவிடக் கெட்ட ஊர்.
அதற்காகத்தான் நாங்கள் வாதாடினோம்.
நாற்பத்துமூன்று பேரில்
ஒருத்தருக்குக்கூட அங்கே வீடு இல்லை.

வண்டிமலைச்சி வாய் திறக்கவில்லை.
ஈரத்துணியை மடியில் விரித்து
மறுநாளைக்குச் சுற்ற வேண்டிய இலையை
வெட்டிக்கொண்டிருந்தாள்.
பேச்சு நின்ற இடங்களில்
கத்தரிச் சத்தம் கேட்டது.

என் முறை வந்தது. மொட்டைப் பென்சில்.
'வ' என்று எழுதிவிட்டேன்.
ஜெயிக்கணும்லா என்றது உள்ளே ஒரு குரல்,
என் குரல் மாதிரியே.
அடித்த சீட்டு செல்லாது என்பார்களோ என்று
புதுச் சீட்டு கேட்டு வாங்கினேன்.
பழையதை மென்று தின்றுவிடலாம் போலிருந்தது.

எந்தப் பக்கமும் சேராதவள் என்று
எண்ணுகிற வேலையையும் எனக்கே கொடுத்தார்கள்.
சொளவில் கொட்டி எண்ணினேன்.
தங்கப்பழம் முப்பத்தைந்து.
வண்டிமலைச்சி எட்டு.

எட்டில் ஒன்றில், பெயருக்கு அடியில் இரண்டு கோடு,
உரக்கடை ரசீதில் மொத்தத்துக்குக் கீழே இழுப்பதுபோல.

முப்பத்தைந்தில் ஒன்றில்
'தங்கப்பழம்' என்பதன் ழ
வால் நீண்டு, வளைந்து,
அடுத்த எழுத்தின் அடியில் போய்ப் படுத்திருந்தது.
'தொழிலாளி' என்ற சொல்லில்
பதினோரு வருஷமாக நான் பார்க்கிற ழ.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
எல்லாரும் கை தட்டினார்கள்.
அவளும் தட்டினாள்,
மடியில் இருந்த இலைத்துண்டுகள் கீழே சிந்த.

மாசியில் தேர்தல்.
நாற்பத்தொன்பது ஓட்டில் தோற்றோம்.
எதிர்க்கட்சிக்காரர்களும்
ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்து
இதே கணக்கைப் போட்டு
அதே தெருவில் ஒருத்தரை நிறுத்தியிருந்தார்கள்.
அறுநூறு இரண்டாகப் போனது.

சனிக்கிழமை சனிக்கிழமை
பாஸ்புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறேன்.
ஒனக்கு நீயே ஏன் போடல என்று
கேட்க நினைத்துத்தான் போகிறேன்.
கேட்டால் அவளும் என்னைக் கேட்பாள்.

குனிந்து எழுதுகிறாள்.
ழ வரும் இடத்தில்
கொஞ்சம் நின்று
இழுக்கிறாள்.