செல்லாக்காசு

பழைய குண்டு பல்பில்
இருபதாவது நொடியில் நெகட்டிவ் அப்பளமாய் உப்பும்,
தங்கை முகம் கலங்கும் என்றாள் டாங்குவோலே.
நான் கௌனஸ் டிராலிபஸ் பணிமனையில்
மின்சாரம் பார்ப்பவன். புகைப்படம் தெரியாது.
ஆனால் மாடி வாடகை இரண்டு மாதம் பாக்கி.

ஐந்து பச்சை, ஐந்து நீலம்,
அலுமினியத் தட்டில் பற்றவைத்துக் கொடுத்தேன்.
தட்டினால் வருகிறது, விட்டால் போய்விடுகிறது.
பல்பைப் போல் இழுத்துக்கொண்டு கிடந்து சாவதில்லை.

கன்னத்தை மட்டும் கொஞ்சம் மறைக்க
ஒளிக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.
தாளில் ஐந்து கைகள் விழுந்தன.
"ஒரு முகத்துக்கு இத்தனை பேரா?"
தயிர் டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி
விளக்குக்கு அடியில் செருகினேன்.
கைகள் ஒன்றாயின.

பச்சை ஒன்பது நொடி:
உறைந்த ஆற்றின் மேல் பனி, சாம்பலின் எல்லாப் படிகளோடும்.
நீலம் இரண்டரை:
கோட்டின் கறுப்பு இறுகிற்று, பொத்தான்கள் எழுந்து நின்றன.

வெள்ளை மட்டும் வெள்ளையாக இல்லை.
தாள் விற்ற விட்டாலியுஸைத் திட்டினாள்.
பிறகு என் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

இழுப்பறையில் ஒரு இரண்டு லித்தஸ் கிடந்தது,
யூரோ வந்தபின் எவரும் கைநீட்டாத காசு.
அதைத் தாளின் நடுவில் வைத்து
சிவப்பில் பத்து நிமிடம் சும்மா நின்றோம்.
அப்போதுதான் சொன்னாள்:
தங்கை டப்ளினில் போனை எடுப்பதில்லை,
இரண்டு வருடமாக.

மருந்தில் இட்டதும் தாள் சாம்பலாயிற்று.
காசு இருந்த வட்டம் மட்டும் வெளுப்பு.
சிவப்பையும் அணைத்துவிட்டு இன்னொரு தாள் வைத்தோம்.
மறுபடி வட்டம்.

கும்மிருட்டு பழகியபின் தெரிந்தது,
டைமர் பெட்டியின் விலாவில் ஒரு பச்சைப் புள்ளி.
"வேலை செய்கிறது" என்று காட்டிக்கொள்ள
நானே வைத்தது.
கடுகளவுதான். காரத்துக்குக் குறைவில்லை.

கறுப்பு டேப் ஒட்டினேன். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த தாளில் இமைமுடியில் நின்ற பனிகூட வந்தது.
உலர்ந்ததும் உறையில் போட்டாள்.
காசையும் போட்டாள்.
அங்கேயும் அது செல்லாது என்றேன்.
தெரியும் என்றாள்.

கீழே போய் நோட்டில் என் பெயருக்கு எதிரே
இரண்டை அடித்து
ஒன்று என்று எழுதினாள்.